தினமும் ஷட்டவுன் செய்தும் லேப்டாப் ஏன் தவழ்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி இங்கே எழுதிவிடுகிறேன். இதே தொல்லையோடு வருபவர்களுக்கும் உதவும். நாலு வருடமான லேப்டாப், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11. அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆன அன்று நன்றாக ஓடுகிறது. இரண்டு மூன்று நாளில் தவழ ஆரம்பிக்கிறது. எக்செல் கோப்பு ஒன்றைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது. எதையும் திறக்காதபோதே டாஸ்க் மேனேஜரில் மெமரி 87 சதவீதம். தினமும் இரவு ஷட்டவுன் செய்தும் காலையில் அதே நிலை. சர்வீஸ் கடையில், "ஃபார்மேட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ரேம் கூட்ட வேண்டும்" என்கிறார்கள்.

இரண்டுக்கும் அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ரேம் போதாத லேப்டாப், ரீஸ்டார்ட் ஆன அன்றும் அதே வேலைக்குத் திணறத்தான் செய்யும். விண்டோஸ் கெட்டுப்போயிருந்தாலும் அப்படித்தான். முதல் நாள் நன்றாக ஓடி, நாள் போகப் போக மோசமாகிறது என்றால் ஏதோ ஒன்று நேரத்தோடு சேர்ந்து வளர்கிறது. பின்னணியில் ஓடும் ஒரு நிரல் நினைவகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறது; வேலை முடிந்த பிறகு திருப்பித் தருவதில்லை. நினைவகக் கசிவு என்று இதைச் சொல்வார்கள். ஃபார்மேட் செய்தால் சரியாகும்தான், ஏனென்றால் அந்த நிரலும் அழிந்துபோகும். பிறகு பழையபடி எல்லாவற்றையும் நிறுவுவீர்கள், அதுவும் கூடவே திரும்பி வந்துவிடும். ரேமைக் கூட்டினால் மூன்று நாளில் வந்த தொல்லை ஆறு நாளில் வரும்.

ஏன் இவ்வளவு தவழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேடுவது சுலபம். ரேம் என்பது அடுப்பு மேடை மாதிரி. சமைக்கும்போது கைக்கு எட்டுவது எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். மேடை நிரம்பினால் விண்டோஸ் கொஞ்ச நேரமாகத் தொடாத சாமான்களை நெருக்கி அடுக்குகிறது, அதாவது சுருக்கி ரேமிலேயே வைக்கிறது. அதற்கும் இடம் இல்லாதபோது பரணில் ஏற்றுகிறது. டிஸ்கில் இருக்கும் பேஜ்ஃபைல் என்ற கோப்புதான் அந்தப் பரண். ரேமில் இருப்பதை எடுக்கச் சுமார் 100 நானோவிநாடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நேரம். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் லட்சம் மடங்கு. கசியும் நிரல் மேடையை நிரப்ப நிரப்ப, உங்கள் எக்செல் பரணுக்குப் போகிறது. அதைத் திறக்கும்போது வேறு எதையாவது பரணில் ஏற்றிவிட்டு இதை இறக்க வேண்டும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதைப் பார்த்துப் பலரும் டிஸ்க்தான் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். ஏற்றி இறக்குவதிலேயே கணினியின் நேரமெல்லாம் போய்விடும் இந்த நிலையை, த்ராஷிங் என்ற பெயரிலேயே பீட்டர் டென்னிங் 1968இல் ஆராய்ந்து எழுதினார். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, இந்த நோய் அப்படியே இருக்கிறது.

சரி, குற்றவாளியைப் பிடிப்போம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கே முதல் பக்கத்தில் மெமரி தலைப்பைச் சொடுக்கி, மேலே வருவதைக் குற்றவாளி என்று முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மேலே இருப்பது பெரும்பாலும் பிரவுசர். அது பெரிதாக இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தேட வேண்டியது பெரியதை அல்ல, வளர்வதை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் பக்கத்தில் தெரியும் மெமரி எண், அந்த நிரல் இந்த நொடியில் ரேமில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான். பரணில் ஏற்றிவிட்டது அதில் சேராது. எனவே வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும் நிரல்கூட அந்தப் பட்டியலில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். டீடெயில்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். பத்தித் தலைப்பின் மீது வலது சொடுக்கு, செலக்ட் காலம்ஸ். வரும் பட்டியலில் கமிட் சைஸ், ஹேண்டில்ஸ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிட் சைஸ் என்பது அந்த நிரல் தனக்கென்று எழுதி வாங்கிக்கொண்ட மொத்த நினைவகம், மேடையில் இருந்தாலும் சரி, பரணில் இருந்தாலும் சரி. ஹேண்டில் என்பது அது திறந்து வைத்திருக்கும் கோப்பு, இணைப்பு போன்றவற்றின் கணக்கு. திறந்ததை மூட மறக்கும் நிரலில் இந்த எண் ஏறிக்கொண்டே போகும். சாதாரண நிரல்களில் இது சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை இருக்கும். ஒரு சின்ன உதவி நிரல் ஐம்பதாயிரம் என்று காட்டினால் அதன்மீது சந்தேகப்படுங்கள்.

என் அக்கா ஒரு பள்ளியில் ஆசிரியை. போன வருடம் அவருடைய லேப்டாப்பும் ஏறக்குறைய உங்களுடையது மாதிரியே இருந்தது. மதிப்பெண் பட்டியலில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகவே நாலைந்து நொடி. அவசரமாக மதிப்பெண் ஏற்ற வேண்டிய நாளில் கண் கலங்கி என்னிடம் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் பார்த்தேன்: பிரவுசர் 1.6 ஜிபி, அதற்குக் கீழே வைரஸ் தடுப்பான், மூன்றாவதாக ஏதோ ஒரு பிரிண்டர் உதவி நிரல், 640 எம்பி. டீடெயில்ஸ் பக்கத்தில் கமிட் சைஸைச் சேர்த்ததும் அதே பிரிண்டர் நிரல் 5.8 ஜிபி என்று தலையில் வந்து நின்றது. ஹேண்டில் 66 ஆயிரம்.

அப்போதும் நான் அதை உடனே நீக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஒரு தாளில் மணியையும் எண்ணையும் எழுதச் சொன்னேன். 9.30க்கு 70 எம்பி. 10.30க்கு 160. 11.30க்கு 250. மதியம் 1.30க்கு 430. 3.30க்கு 610. மணிக்கு 90 எம்பி, பிசகாமல். இவ்வளவுக்கும் அன்று அக்கா எதையும் அச்சிடவில்லை. அந்த பிரிண்டரை இரண்டு வருடத்துக்கு முன்பே உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நிரல் மட்டும் அதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை வீட்டு வைஃபையில் தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தேடலிலும் ஒரு சிறு துண்டு நினைவகத்தை எடுத்தது, கிடைக்கவில்லை என்றதும் அதை விட்டுவிடாமலே அடுத்த தேடலுக்குப் போனது. அந்த ஒரு தாள்தான் என் சான்று. எண்களை எழுதி வைக்காமல், "இது கூடுகிற மாதிரி இருக்கிறது" என்று நினைவிலிருந்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் கூடிக் கொஞ்சம் குறைந்து ஒரு இடத்தில் நிற்பது இயல்பான நிரல். இறங்காமல் ஏறிக்கொண்டே இருப்பதுதான் கசிவு.

ஒரு நாள் காத்திருக்க முடியாதவர்களுக்கு விண்டோஸே எழுதி வைத்திருக்கும் குறிப்பு ஒன்று உண்டு. கணினியில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். அங்கே ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர் என்ற பெயரில், 2004 என்ற எண்ணில் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆண்டு அல்ல, நிகழ்வின் எண் அது. நினைவகம் தீரும் நிலைக்குப் போன நேரத்தில் அதிகமாக எடுத்துவைத்திருந்த நிரல்களின் பெயரும் அளவும் அதில் இருக்கும். அக்காவின் கணினியில் இந்தப் பதிவு நாலு நாளுக்கு முன்பே விழுந்திருந்தது, பிரிண்டர் நிரலின் பெயரோடு. நான் அதை முதலில் பார்த்திருந்தால் ஒரு பகல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் ஷட்டவுன் கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் அது இயங்கும் நிலையிலேயே வருகிறது. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் கணக்கில் திறந்திருந்தவை மூடப்படும், உண்மைதான். ஆனால் விண்டோஸின் உட்கருவும், வைஃபை, பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களும், சர்வீஸ் என்ற வகையில் பின்னணியில் ஓடும் நிரல்களும் மூடப்படுவதில்லை. அவற்றின் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எழுதியபடியே திரும்ப ஏற்றுகிறது. கணினி சீக்கிரம் திறப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. விளைவு என்ன? சர்வீஸாக ஓடும் நிரல் ஒன்று கசிந்தால், நேற்றைய கசிவும் இன்றைக்குக் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் முழுதாக மூடித் திறக்கும். நீங்கள் சொன்ன அறிகுறி அச்சாக இதுதான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம், சிபியு. கீழே அப் டைம் என்று ஒரு எண் இருக்கும். தினமும் அணைக்கும் லேப்டாப்பில் அது பத்து நாள், இருபது நாள் என்று காட்டினால் வியப்படையாதீர்கள். அக்காவினுடையது 11 நாள் காட்டியது. முழுதாக அணைக்க வேண்டும் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்குங்கள். அல்லது கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் லேப்டாப்பில் அந்த வசதி இல்லாமல் போனால் பெரிதாக ஒன்றும் இழப்பில்லை என்பது என் கருத்து.

பெயர் தெரிந்துவிட்டது. உடனே எண்ட் டாஸ்க் கொடுக்கத் தோன்றும். கொடுத்துப் பாருங்கள், கணினி சட்டென்று மூச்சு விடும். ஆனால் அடுத்த நிமிடமே அதே பெயர் மறுபடி வந்து நிற்கலாம். சர்வீஸ்கள் விழுந்தால் தானாக எழுப்பிவிடும் ஏற்பாடு விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய் உரிய மென்பொருளை முறையாக நீக்குவதே சரியான வழி. தேவையான மென்பொருள் என்றால் முதலில் அதன் புதிய பதிப்பை நிறுவிப் பாருங்கள்; கசிவை அவர்கள் சரிசெய்திருக்கக்கூடும். நீக்கவும் முடியாது, புதிய பதிப்பும் இல்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் அதன் தொடக்க வகையை மேனுவல் என்று மாற்றுங்கள். நீக்கிய பிறகும் எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கணினி திறக்கும்போது தானாகத் தொடங்குபவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். அதில் பெயர் தெரியாதவற்றை நீக்காதீர்கள். குறியை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள்.

எதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிஸ்டம், சிஎஸ்ஆர்எஸ்எஸ், எல்எஸ்ஏஎஸ்எஸ் என்ற பெயர்களில் இருப்பவை விண்டோஸின் உயிர்நாடி. வலிந்து நிறுத்தினால் கணினி அங்கேயே நின்றுவிடும் அல்லது ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் என்பது விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான். சோதனை ஓடும்போது ஏறி, முடிந்ததும் இறங்கும். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் நாற்பது ஐம்பது இருப்பதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து எனக்கு எழுதியவர்கள் பலர். அது சர்வீஸ்களைத் தாங்கும் வெறும் கூடு. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனிக் கூடு கிடைக்கிறது, அதனால்தான் இத்தனை. முதல் பக்கத்தில் அதை விரித்தால் உள்ளே இருக்கும் சர்வீஸின் பெயர் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் ஓடும் ஒன்று சிஸ்டம்32, சிஸ்வாவ்64 என்ற விண்டோஸ் கோப்புறைகளுக்கு வெளியே இருந்து ஓடினால் அது போலி. வலது சொடுக்கில் ஓப்பன் ஃபைல் லொகேஷன் கொடுத்தால் இருப்பிடம் தெரிந்துவிடும். அப்படி ஏதாவது சிக்கினால் நினைவகப் பேச்சை விட்டுவிட்டு முதலில் முழு வைரஸ் சோதனை ஓட்டுங்கள்.

டீடெயில்ஸ் பக்கத்தில் எதுவுமே பெரிதாக இல்லை, எல்லாவற்றையும் கூட்டினாலும் 3 ஜிபி வரவில்லை, ஆனால் மொத்தத்தில் 7 ஜிபி போய்விட்டது என்று கணக்கு இடிக்கிறதா? அப்போது கசிவது பெரும்பாலும் நிரல் அல்ல, டிரைவர். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால் கீழே நான்பேஜ்டு பூல் என்று ஒரு எண் இருக்கும். இந்த நினைவகத்தைப் பரணில் ஏற்றவே முடியாது. மேடையிலேயே இருந்தாக வேண்டும். சில நூறு எம்பி இருந்தால் இயல்பு. ஜிபிக் கணக்கில் இருந்தால், என் அனுபவத்தில் பெரும்பாலும் வைஃபை அல்லது நெட்வொர்க் டிரைவரும், அதோடு லேப்டாப்பிலேயே வந்த இணைய வேகக் கட்டுப்பாட்டு மென்பொருளும்தான் காரணம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கி நிறுவுங்கள், அந்த உபரி மென்பொருளை நீக்குங்கள். எந்த டிரைவர் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் பூல்மான் என்ற கருவி இருக்கிறது; அது கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கானது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் மாணவராக நீங்கள் இருந்தால் வேறு விஷயம்: விஎம்மெம் என்ற பெயரில் அந்த லினக்ஸ் இயல்பாகவே ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றிருக்கிறது. அதற்கென்று இருக்கும் அமைப்புக் கோப்பில் உச்சவரம்பு எழுதிவிடலாம்.

பிரவுசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோம், எட்ஜ் இரண்டிலும் ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் பிரவுசருக்கே உரிய டாஸ்க் மேனேஜர் வரும். எந்தத் தாவல், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும். நாள் முழுதும் திறந்திருக்கும் ஒரு தாவலோ, எப்போதோ சேர்த்து மறந்துபோன ஒரு எக்ஸ்டென்ஷனோ கசிவது அடிக்கடி நடப்பது. எல்லாவற்றையும் மூடிய பிறகும் பிரவுசர் பட்டியலில் நிற்கிறது என்றால், மூடிய பின்னும் பின்னணியில் தொடர்ந்து ஓட அனுமதிக்கும் தேர்வு அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் இருக்கும்; அணைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். அவை செய்வது, ஓடும் நிரல்களின் சாமான்களை எல்லாம் மேடையிலிருந்து வலுக்கட்டாயமாக இறக்குவது. எண் சட்டென்று 87இலிருந்து 50க்கு இறங்கும், மனதுக்கு நிறைவாக இருக்கும். அடுத்த நிமிடம் அந்த நிரல்களுக்கு அவையெல்லாம் மறுபடி வேண்டும், ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற வேண்டும். கசியும் நிரல் தன் போக்கில் கசிந்துகொண்டே இருக்கும். காலி ரேம் என்பது நல்ல ரேம் அல்ல. டாஸ்க் மேனேஜரில் கேஷ்டு என்று காட்டும் 2, 3 ஜிபி, நீங்கள் முன்பு திறந்த கோப்புகளை மறுபடி வேகமாகத் தருவதற்காக வைத்திருப்பது. கேட்டால் அடுத்த கணமே விட்டுக்கொடுத்துவிடும். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது கமிட்டெட் என்று இரண்டு எண்களாகக் காட்டும் இடத்தில். முதல் எண் இரண்டாவதை நெருங்கினால் மேடையும் நிறைந்தது, பரணும் நிறைந்தது.

கடைக்காரர் சொன்ன ரேமுக்கு எப்போது போகலாம்? கசிவு எதுவும் இல்லை என்று தாளில் எழுதிப் பார்த்து உறுதியான பிறகும், உங்கள் அன்றாட வேலையைத் திறந்து வைத்த நிலையில் ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில், ரேமில் இல்லாததை டிஸ்கிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகளைக் காட்டும் ஹார்டு ஃபால்ட்ஸ் வரைபடம் ஓயாமல் எகிறிக்கொண்டிருந்தால், அப்போது ரேம் நியாயமான செலவு. வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்றால் இன்னொன்று சேர்க்க இடம் இருக்கிறது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும், மாற்றவே முடியாது. ஆகவே மாடல் எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொண்டு பணம் கொடுங்கள். இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால், முதல் செலவு எஸ்எஸ்டிக்கு.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. இன்றைக்கே ஈவென்ட் வியூவரில் அந்த 2004ஐத் தேடுங்கள், அப் டைமையும் நான்பேஜ்டு பூலையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கமிட் சைஸில் முதல் ஐந்து பெயர்களை மணிக்கொருமுறை மாலை வரை எழுதுங்கள். அந்த எண்களை எனக்கு அனுப்பினால், எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பெயர் பெயராகச் சொல்கிறேன்.